வெறுங்கையோடு வராதவர்

ஃபீஜித் தீவில், வரதோலியில் நாங்கள் குடியிருந்த காலம் முழுக்க, அவர் எங்கள் வீட்டுக்கு வெறுங்கையோடு வந்தது ஒரே ஒரு நாள்தான். அன்றைக்கும் கையில் ஒரு சுத்தியலும் காலிச் சாக்கும் இருந்தன. கொடுப்பதற்குத்தான் ஒன்றும் இல்லை. அந்த நாளைப் பற்றி அப்புறம் சொல்கிறேன். முதலில் அவர் கொண்டுவந்து கொடுத்ததைச் சொல்ல வேண்டும். அதைச் சொல்லாமல் அந்த மனுஷரைப் பற்றி என்ன சொன்னாலும் பொய்யாகப் போய்விடும்.

பேர் வேண்டாம். அவர் குடும்பம் இருக்கிறது. தெருப் பிள்ளைகள் அவரை மாவு மாமா என்பார்கள். சாயங்காலம் காண்ட்ராக்டரின் லாரி தெருமுனையில் இறக்கிவிடும்போது மாவு மில்லில் புரண்டு எழுந்தவர் மாதிரி இருப்பார். புருவம்கூட வெள்ளை. பிள்ளைகள் ஓடி வந்து சூழ்ந்துகொள்ளும். அவர் இரண்டு கைகளையும் தலைக்குமேல் தூக்கிப் படாரென்று ஒரு தட்டுத் தட்டுவார். உடம்பிலிருந்து வெள்ளையாகப் புகை கிளம்பும். "மேகம் பாரு, மேகம்," என்பார். பிள்ளைகள் அதற்குள் புகுந்து குதிக்கும். நானும் வேலியோரம் நின்று சிரித்திருக்கிறேன். பார்க்க அவ்வளவு நன்றாக இருக்கும்.

என் வீட்டுக்காரர் மதுரையிலிருந்து ஃபீஜிக்குக் கணக்கு வாத்தியாராக வந்தவர். நான் கூடவே வந்து பா என்கிற டவுனில் ஒரு சின்ன கிளினிக்கில் எக்ஸ்ரே எடுக்கும் வேலையில் சேர்ந்தேன். அங்கே வீட்டுக்குள் காஸ் இருந்தாலும், கறிக்கும் ரொட்டிக்கும் பின்கொட்டகையில் ஒரு விறகடுப்பு வைத்திருப்பார்கள். எனக்கு வாய்த்தது விரிசல் விட்ட மண் அடுப்பு. வந்த புதிதில் ஒரு நாள் அதை ஊதி ஊதிக் கண் சிவந்து உட்கார்ந்திருந்தேன். வேலிக்கு அந்தப் பக்கமிருந்து ஒரு குரல் வந்தது.

"இன்னா தங்கச்சி, அடுப்பு எரியலியா, இல்ல அடுப்புகிட்ட குந்தி அழுவுறியா?"

வந்து இறங்கியதிலிருந்து ஃபீஜி இந்தியைக் கேட்டுக் கேட்டு நொந்துபோயிருந்தேன். அந்தக் கிண்டல் தமிழில் வந்ததே எனக்குப் பெரிய ஆறுதல். கரும்புத் தோட்டத்துக்குக் கப்பலேறி வந்தவர்கள் கொண்டுவந்த மெட்ராஸ் பக்கத்துப் பேச்சு அது. அவர் வயதுக்காரர்களோடு அந்தத் தெருவில் அது முடிந்துவிட்டது. அவர் மகளுக்கே பாதிதான் புரியும்.

கொஞ்ச நேரத்தில் ஒரு வாளி நிறைய வெள்ளைச் சேறோடு வந்தார். கேட்காமல் கொள்ளாமல் அடுப்பின் முன்னால் உட்கார்ந்து, வெறுங்கையால் அள்ளி அள்ளிப் பூசினார். சப்பாத்தி மாவு மாதிரி அது அவர் சொன்னபடி கேட்டது. கடைசியில் உள்ளங்கையை நனைத்து வழவழவென்று தடவிவிட்டு, "இத்த இட்டா வெடிக்காது. சூடு உள்ளயே நிக்கும். பாய்லருக்கே போடுறது, உன் அடுப்புக்கு இன்னா," என்றார்.

அதுதான் அவர் தொழில். நீராவி போகும் குழாய்க்கும் பாய்லருக்கும் சூடு வெளியே போகாமல் மேலே கனமாகப் பூசி, துணி சுற்றுவார்கள். லேகிங் என்பார்கள். தீவில் எங்கே பாய்லர் இருந்தாலும் அந்தக் காண்ட்ராக்டரின் ஆட்கள் போவார்கள். மூட்டை மூட்டையாக வரும் பொடியைத் தொட்டியில் கொட்டித் தண்ணீர் விட்டுக் கலப்பது இவர் பொறுப்பு. மிஞ்சியதை வீட்டுக்கு எடுத்துப்போகலாம், யாரும் கேட்க மாட்டார்கள். பொடியின் பேர் அஸ்பெஸ்டாஸ். ஊரில் நாங்கள் அதைக் கூரைத் தகடாகப் பார்த்திருக்கிறோம். அதை மாவாக நான் பார்த்தது அப்போதுதான்.

வெறுங்கையோடு ஒரு வீட்டு வாசலை மிதிக்க அவருக்குக் கூச்சம். சிகடோகா பக்கம் ஹோட்டல் பாய்லர் வேலைக்குப் போனால் தக்காளியும் கத்தரியும் வரும். நவுவாவுக்குப் போனால் ஆற்று மீன் வரும். எங்கேயும் போகாத வாரம் வெள்ளைப் பொடி வரும். சாக்கைக்கூட வீணாக்க மாட்டார். உதறி, மடித்து, "கால் தொடைக்கப் போடு தங்கச்சி," என்று கொடுத்துவிட்டுப் போவார். கோயில் திருவிழாவுக்கு ஊர்ச் சமையல் நடக்கும் பெரிய அடுப்புகளும் அவர் பூசியவைதான். சாப்பாட்டுப் பந்தியில் யாராவது அந்த அடுப்பைப் புகழ்ந்தால் காது கேளாதவர் மாதிரி இலையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஆனால் காது இரண்டும் அங்கேதான் இருக்கும்.

அவர் மனைவியை நான் அண்ணி என்பேன். அண்ணி அவருடைய காக்கி உடுப்பைத் துவைப்பதே ஒரு தனிக் காட்சி. முதலில் துணிக்கொடி கட்டிய கம்பத்தில் ஓங்கி ஓங்கி அடிப்பார். பக்கத்தில் நிற்பவருக்கு முகம் தெரியாது, அவ்வளவு தூசி.

"நேரா தண்ணியில போடுங்களேன் அண்ணி, எதுக்கு இந்த அடி?"

"அப்டியே போட்டா கஞ்சியாட்டம் துணியிலயே ஒட்டிக்கும்மா. மொதல்ல ஒதறிடணும். கட்டுன நாளா இதான் என் வேல," என்பார். பிறகு முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு சிரிப்பார். "எம் பொண்ணு சின்னதா இருந்தப்போ இன்னும் மோசம். அப்பன் லாரியவுட்டு எறங்கறதுக்குள்ள ஓடிப்போயி கழுத்தக் கட்டிக்குவா. அவரு தூக்கினு வருவாரு. வாசல்ல பாத்தா ரெண்டு வெள்ளக் குரங்கு நிக்கும்."

எண்பத்தேழில் இராணுவம் முதல் தடவை பார்லிமெண்டுக்குள் புகுந்து, நம் இந்தியர்கள் நிறைந்த அரசாங்கத்தைக் கவிழ்த்த வருஷம் எல்லாம் தலைகீழானது. சாலையில் தடுப்புப் போட்டார்கள். காஸ் லாரி வரவில்லை. இத்தனை நாள் காஸை நம்பி விறகடுப்பை மறந்திருந்தவர்கள் எல்லாம் கொட்டகையைத் தேடி ஓடினார்கள். அவர் வாளியும் கையுமாக வீடு வீடாகப் போனார். பயத்தில் உறைந்துபோயிருந்த தெருவில் அந்த மனுஷர் ஒருவர்தான் சிரித்த முகமாக நடமாடினார். "ஆட்சி யாருகிட்ட இருந்தா இன்னா, சோறு வெந்துதா இல்லியா?" என்பார். அந்த மாதம் முடிவதற்குள் எங்கள் தெருவில் அவர் பூசாத அடுப்பே இல்லை.

அதற்கப்புறம் என் எக்ஸ்ரே அறைக்கு வந்தது கூட்டம். பயந்துபோய் வெளிநாட்டில் குடியேற விசா கேட்பவர்கள் நெஞ்சைப் படமெடுத்துக் காட்ட வேண்டும். கடைக்காரர், வாத்தியார், டிரைவர் என்று ஊரே என் முன்னால் சட்டையைக் கழற்றிவிட்டு நின்றது. கல்யாண போட்டோவுக்கு வருகிற மாதிரித் தலைவாரி, முகத்துக்குப் பவுடர் போட்டுக்கொண்டு வருவார்கள். முகம் விழாதும்மா என்றால், "இருக்கட்டும், ஆஸ்திரேலியாக்காரன் பாக்குறது," என்பார்கள். மூச்சை இழுத்துப் பிடிங்க, விடுங்க என்று சொல்லிச் சொல்லியே ஒரு டவுனை நான் கப்பலேற்றினேன்.

அவர் மகளுக்கும் அப்போதுதான் கல்யாணம் ஆகியிருந்தது. மாப்பிள்ளை பிரிஸ்பேன் போகிறார். மகளைக் கூட்டிக்கொண்டு வந்தவர், கையில் ஒரு பப்பாளிப் பழம் வைத்திருந்தார்.

"எனக்கா அண்ணே?"

"ஒன் மெசினுக்கு. நல்லா புடிக்கட்டும்."

படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தேன். "கண்ணாடி மாதிரி இருக்கு அண்ணே," என்றேன். அந்தப் பெண் என்னைக் கட்டிக்கொண்டது. என்னை ஃபுவா என்று கூப்பிடும். அத்தைக்கு அங்கே அதுதான் சொல். அவர் மகளின் தலையில் கை வைத்து, "நான் தூக்கி வளத்த புள்ளயாச்சே," என்றார். எவ்வளவு பெருமை அந்த முகத்தில்.

மகள் போன பிறகு அவரையும் வரச் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டே இருந்தாள். அவர் அசையவில்லை. லாரி வேலையிலிருந்து ஓய்வு பெற்ற பிறகும் வாளியைக் கீழே வைக்கவில்லை. பூசிய அடுப்பில் ஒரு மூலை பெயர்ந்தால் போதும், ஆள் வந்துவிடுவார். இரண்டாயிரத்தில் மறுபடியும் ஆட்சியைப் பிடித்து, தீவின் உட்பகுதியில் நம் இந்திய ஆட்களின் வீடுகளைச் சூறையாடியபோதுதான் அண்ணி பயந்துபோய்ப் பிடிவாதம் பிடித்தார். இருவரும் விசாவுக்கு எழுதினார்கள். இருவரும் என் அறைக்கு வந்தார்கள்.

முதலில் அவரை எடுத்தேன். நுரையீரலின் ஓரம் நெடுக வெள்ளையடிக்கும்போது தரையில் தெறித்த சுண்ணாம்பு மாதிரித் திட்டுத் திட்டாக இருந்தது. அடுத்து அண்ணி வந்து நின்றார். மூச்சை இழுக்கச் சொன்னால் பாதிக்குமேல் இழுக்க முடியவில்லை. "கொஞ்ச நாளா இப்டித்தாம்மா, மாடிப்படி ஏறுன மாதிரி மூச்சு வாங்குது," என்றார். படத்தில் வலது பக்கம் பாதிக்கு மேல் ஒன்றுமே தெரியவில்லை. தண்ணீர் கோத்திருந்தது.

என் வேலையில் படத்தை டாக்டர் கையில் கொடுத்துவிட்டு வாயை மூடிக்கொள்ள வேண்டும். "நல்லா வுழுந்துதாம்மா?" என்று அண்ணி கேட்டார். "டாக்டர் சொல்லுவார் அண்ணி," என்று சொல்லிவிட்டு அந்தப் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

டாக்டர் திருநெல்வேலிக்காரர், சின்ன வயசு. அண்ணியின் முதுகில் ஊசி போட்டுத் தண்ணீரை உறிஞ்சி எடுத்துத் தலைநகர் சுவாவுக்குப் பரிசோதனைக்கு அனுப்பினார். முடிவு வந்த அன்று அண்ணி என்னையும் பக்கத்தில் உட்காரச் சொன்னார். டாக்டர் எதையும் சொல்வதற்கு முன்னால் கேள்வி கேட்டார்.

"அம்மா, நீங்க எங்கேயாவது ஃபேக்டரியில வேலை பார்த்திருக்கீங்களா?"

"நானா? நான் ஒரு நாளும் வேலைக்கிப் போனதில்ல டாக்டர். வூட்டு வேலதான்."

"அய்யாவுக்கு என்ன வேலை?"

அவர் நிமிர்ந்து உட்கார்ந்து சந்தோஷமாகச் சொன்னார். எந்தெந்த பாய்லர், எந்தெந்தக் கப்பல், பொடியை எப்படிக் கலக்க வேண்டும் என்பது வரைக்கும். டாக்டர் பேனாவைக் கீழே வைத்துவிட்டார்.

"அய்யா போட்டுக்கிட்டு வர்ற துணியை யார் துவைப்பாங்க?"

அண்ணி சிரித்தார். "ஏன், தோபியா வெச்சிருக்கோம்? நான்தான்."

அவர் மெதுவாகத் திரும்பி அண்ணியைப் பார்த்தார். அண்ணிக்கு இன்னும் ஒன்றும் பிடிபடவில்லை. அவருக்குப் பிடிபட்டுவிட்டது.

டாக்டர் பொறுமையாக விளக்கினார். அந்தப் பொடி முழுக்க மயிரிழையைவிட மெல்லிய நார்தான். மூச்சோடு உள்ளே போனால் கரையாது, வெளியே வராது. இருபது முப்பது வருஷம், சில பேருக்கு நாற்பது வருஷம்கூடச் சும்மா கிடக்கும். அப்புறம் வேலையைக் காட்டும். அய்யாவுக்கு வந்திருப்பது தழும்பு. அது பாட்டுக்கு இருக்கலாம். அம்மாவுக்கு நுரையீரலைச் சுற்றியிருக்கிற உறையில் புற்றுநோய். தண்ணீர் கோக்கக் கோக்க எடுத்துவிடலாம், மூச்சு லேசாகும். வலிக்கு மருந்து இருக்கிறது, ஆக்சிஜன் வைக்கலாம். குணமாக்க மருந்து இல்லை. இந்தப் படத்தோடு அம்மாவுக்கு விசா கிடைக்காது; அய்யா போகலாம்.

"எந் துணியில போனதா?" என்று அவர் கேட்டார்.

"ஆமாங்கய்யா."

"பொடியில முங்கிக் கெடந்தவன் நானு. எனக்குத் தழும்பு, அவளுக்குப் புத்துநோயா?"

"சில பேருக்கு அப்படித்தான். ஏன்னு எங்களுக்கே தெரியாது."

மறுநாள் காலையில் சுத்தியல் சத்தம் கேட்டுத்தான் எழுந்தேன். தெருக்கோடியிலிருந்து ஒவ்வொரு வீடாக வந்துகொண்டிருந்தார். வாசலில் நின்று, "தப்பா எடுத்துக்காதீங்க, நான் குட்த்தத நானே எடுத்துனு போறேன்," என்று கும்பிட்டுவிட்டு நேராகப் பின்கொட்டகைக்குப் போவார். தன் வாயில் மட்டும் ஒரு கைக்குட்டை. அடுப்பை அடித்து நொறுக்கி, விளக்குமாறால் கூட்டி, சாக்கில் அள்ளிக் கரும்புக் காட்டோரம் தோண்டிய குழியில் போட்டுவிட்டு, அடுத்த வீட்டுக்குக் காலிச் சாக்கோடு வருவார். மாவு மாமாவுக்கு என்ன ஆச்சு என்று வீட்டில் உள்ளவர்கள் பிள்ளைகளை இடுப்பில் வைத்துக்கொண்டு சுற்றி நின்று வேடிக்கை பார்த்தார்கள். மழை பெய்து நாளான பருவம். காற்று வேறு.

எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் அடுப்பின்மேல் வாளி வாளியாகத் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தேன். இப்படிப்பட்டதை இடிக்கும்போது தூசி பறக்காமல் நனைத்துக்கொள்ள வேண்டும் என்று டாக்டர் சற்று முன்தான் போனில் சொல்லியிருந்தார். அவர் சுத்தியலோடு நின்று பார்த்தார்.

"இன்னாத்துக்குத் தண்ணி?"

"தூசி பறக்கக் கூடாது அண்ணே. பறந்தாத்தான் ஆபத்து."

சுத்தியலைக் கீழே விட்டுவிட்டுத் தரையிலேயே உட்கார்ந்துவிட்டார். பிறகு, "அந்த வூட்லல்லாம் காஞ்சதையே இடிச்சிட்டேனே தங்கச்சி," என்றார். வாளியில் இருந்த மிச்சத் தண்ணீரையும் அடுப்பின்மேல் ஊற்றினேன். என் நெஞ்சை நானே படமெடுத்துப் பார்த்துக்கொண்டதும் அந்த வாரத்தில்தான்.

தெருவில் மிஞ்சியது அவர் வீட்டு அடுப்பு மட்டும். அதை இடிக்க அண்ணி விடவில்லை. "ஊருக்கெல்லாம் குட்த்த, திருப்பி வாங்கின. எனக்குன்னு குட்த்தது இது ஒண்ணுதான். நான் இருக்கறவரிக்கும் இருக்கட்டும்," என்றார். நெஞ்சிலிருந்து தண்ணீர் எடுத்த மறுநாள் கொஞ்சம் தெம்பாக இருப்பார். அன்றைக்கு அதில் ஒரு குழம்பு வைப்பார். அவர் தள்ளி உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருப்பார். தண்ணீர் கோக்கிற இடைவெளி குறைந்துகொண்டே வந்தது. பிறகு ஆக்சிஜன் சிலிண்டர் கட்டிலுக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

அந்தச் சமயத்தில்தான் அவருக்குப் புதுப் பழக்கம் ஒன்று வந்தது. வேலையை விட்டு எத்தனையோ காலமாகிவிட்டது. உடம்பில் ஒரு பொட்டுத் தூசி கிடையாது. ஆனால் வெளியே போய்விட்டு வந்தால், தோட்டத்துக் குழாயடியில் நின்று தலையோடு குளித்து, வேறு வேட்டி மாற்றிக்கொண்டுதான் வீட்டுக்குள் கால் வைப்பார். கடைக்குப் போய்விட்டு வந்தாலும் குளியல்தான்.

அடுத்த கரும்பு வெட்டு தொடங்குவதற்குள் அண்ணி போய்விட்டார். மகள் பிரிஸ்பேனிலிருந்து வந்து இறங்கி, "அப்பா" என்று கத்திக்கொண்டு ஓடி வந்தாள். அவர் இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, கையை நீட்டித் தடுத்தார். "தொடாத. இரு, குளிச்சிட்டு வரேன்." துக்கத்துக்கு வந்தவர்கள் தலையாட்டிக்கொண்டார்கள். தீட்டு இருக்கிறதே, பெரியவர் முறை தெரிந்தவர் என்று ஒருவர் சொன்னார். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

காரியமெல்லாம் முடிந்த பிறகும் மகள் பக்கத்தில் அவர் உட்காரவில்லை. மகள் பிரிஸ்பேனுக்குத் திரும்பிப் போய் அவருக்கு விசா வாங்கினாள். கிளம்புகிற வாரம் ஒரு பலாப்பழத்தோடு எங்கள் வீட்டுக்கு வந்தார். வேட்டியெல்லாம் ஈரம். கேட்டேவிட்டேன். "தீட்டெல்லாம் எப்பவோ கழிஞ்சுபோச்சு அண்ணே, இன்னும் எதுக்கு இந்தக் குளியல்?"

பழத்தைக் கீழே வைத்துவிட்டு, வாசலுக்கு வெளியிலேயே நின்றுகொண்டு சொன்னார்.

"துணிய யாரு தோச்சாங்கன்னு கேட்டாரே டாக்டரு. நான் யாரத் தூக்குனேன்னு கேக்கலியே தங்கச்சி."

அவர் பிரிஸ்பேன் போன சில மாதத்தில் மகளிடமிருந்து போன் வந்தது. அவளுக்கு வருகிற கொஞ்சத் தமிழும் இந்தியும் இங்கிலீஷுமாகப் பேசினாள். எனக்குத் தெரிந்த தமிழில் எழுதுகிறேன்.

"ஃபுவா, அப்பா இன்னும் தீட்டுன்னு சொல்லிக்கிட்டு இருக்கார். என் குழந்தையைத் தூக்க மாட்டேங்கறார். நான் தோள்ல சாஞ்சா நகர்ந்து போயிடறார். இந்தக் குளிர்ல தோட்டத்துக் குழாய்ல குளிக்கிறார். நான் என்ன தப்புப் பண்ணினேன்?" அழுதாள்.

அவர் சொல்லியிருக்க வேண்டியது. சொல்ல மாட்டார், அது எனக்குத் தெரியும். நானே எல்லாவற்றையும் சொன்னேன். லாரி முனை, வெள்ளைக் குரங்கு, டாக்டர் கேட்டது, கேட்காமல் விட்டது, எல்லாம். உன்னைத் தொட்டால் உனக்கு ஏதாவது ஆகிவிடும் என்று இப்போதும் பயப்படுகிறார் என்றேன். இப்போது தொடுவதால் ஒன்றும் ஆகாது, தைரியமாகக் கட்டிக்கொள் என்றும் சொன்னேன்.

"என் படத்தை நீங்கதானே எடுத்தீங்க? கண்ணாடி மாதிரி இருக்குன்னு சொன்னீங்களே."

"அது அன்னைக்கும்மா. எந்த டாக்டர்கிட்டப் போனாலும், சின்னப் பிள்ளையில என் அப்பா இந்தப் பொடியோட வந்து என்னைத் தூக்குவார்னு மறக்காம சொல்லு. அவங்களா கேக்க மாட்டாங்க. மூச்சு வாங்கினா ஒரு நாள்கூடத் தள்ளிப்போடாதே."

"எனக்கு எதுக்கு ஃபுவா?" என்றாள், டாக்டர் முன்னால் அண்ணி கேட்ட அதே வெள்ளந்தித்தனத்தோடு. "நான் ஒரு நாளும் அந்த மாதிரி வேலைக்குப் போனதில்லையே."